மோரும் வைஃபையும்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு பலகை தொங்கும். பழைய கட்டிலை உடைத்தபோது மிஞ்சிய பலகை அது. என் மாமனார் அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, இரண்டு ஓட்டை போட்டு, கம்பி கட்டி வைத்திருந்தார். சாக்பீஸால் அவரே எழுதுவார். கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கை என்பதால், அசையாமல் நின்று எழுதினாலும் எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் விழும். ‘கிரிவலம் செல்லும் பக்தர்களுக்கு மோர், தண்ணீர் இலவசம்.’ அந்தப் பலகையில் அவ்வளவுதான் இருக்கிறது என்று நான் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். பலகையின் முகம் தெருவைப் பார்த்திருக்கும். உள்ளே இருக்கிற எனக்கு அதன் முதுகுதான் தெரியும். கீழே இன்னும் இரண்டு வரி சேர்ந்திருந்ததும், அவை என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்ததும் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே எங்கள் வீடு. கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், வந்த களைப்புத் தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் நான் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைகளிலிருந்து இன்சூரன்ஸ் பணத்துக்காக வருகிற காகிதங்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை. யாருக்கு என்ன வியாதி, என்ன ஆபரேஷன், எல்லாம் அதில் இருக்கும். முதல் வருடமே அத்தை காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். மாமா தனியாளாகிவிட்டார். ஏற்கெனவே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று நானும் கணவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். “இந்த வீட்டப் பூட்டிட்டா பௌர்ணமிக்கு யாரும்மா மோர் குடுக்கறது?” என்று கேட்டார். அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடாமல் செய்த தர்மம் அது. அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? நான்தான் ஆஃபீஸில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். கொடுக்கும்போதே மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பாதுகாப்பில் ஏதாவது குளறுபடி என்றால் அனுமதி ரத்து, மறுநாளே சென்னைக்கு வந்துவிட வேண்டும். அப்படி வந்தால் மாமா தனியாகக் கிடக்க வேண்டியதுதான். வேலையை விட்டாலும் ஆகாது, வீடு கட்டிய கடனில் பாதி என் சம்பளத்தில்தான் அடைந்துகொண்டிருந்தது.

எங்கள் மிஷின்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவரை ஆஃபீஸில் சிஸ்டம் சார் என்போம். குரலை உயர்த்தவே மாட்டார். திட்டுவதைக்கூட ஏதோ விசாரிப்பது மாதிரிதான் திட்டுவார். எனக்கு லேப்டாப் கொடுத்து அனுப்பிய அன்று சொன்னார்: “மேடம், இது உங்க வீட்ல இருக்கலாம். ஆனா கனெக்ட் ஆயிட்டா ஆஃபீஸோட ஒரு ரூம். உங்கள ஆஃபீஸ் நம்புது. உங்க மிஷின நம்பலாமா வேணாமான்னு தினமும் பாக்கறதுதான் என் பொழப்பு.” அப்புறம் விதிகளைச் சொன்னார். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்ட வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. பென் டிரைவ் சொருகக் கூடாது. அப்டேட் கேட்டால் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. காலையில் பாஸ்வேர்ட் போட்டதும் போனுக்கு ஓர் எண் வரும், அதையும் போட்டால்தான் ஆஃபீஸுக்குப் போகிற தனிப்பாதை திறக்கும். அந்தப் பாதையை அவர் டனல் என்பார். நான் மாமாவுக்குப் புரியட்டும் என்று சுரங்கம் என்று சொல்லிவைத்தேன். அவருக்கு ஒரே சிரிப்பு. “எல்லாக் கோயில்லயும் ஒரு சுரங்கம் இருக்குதுன்னுவாங்க, ஒருத்தனும் பாத்ததில்ல. நம்ம வீட்டு சுரங்கத்துல நீ தினமும் போய்ட்டு வர்ற” என்றார்.

அந்த விதிகளை என்னைவிட அவர்தான் கண்டிப்பாகக் காப்பாற்றினார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. குக்கர் விசில் கேட்டு நான் எழுந்து ஓடினால், “பூட்டினியா?” என்று ஹாலிலிருந்து குரல் வரும். பால்காரர் ஜன்னல் பக்கம் வந்தாலே தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் திரைமேல் போட்டுவிடுவார். எதிர்வீட்டுப் பெண் பரீட்சை ரிசல்ட் பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம் லேப்டாப் தருவீர்களா என்று வந்து நின்றபோது, “அது பெரிய எடத்து மிஷினும்மா, வேத்துக் கை பட்டா ஷாக் அடிக்கும்” என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார். தினமும் காலை என் பின்னால் வந்து நிற்பார். பாதை திறந்ததும் திரையின் மூலையில் சின்னதாய்ப் பச்சைப் பூட்டு ஒன்று தோன்றும். அதைப் பார்த்தபிறகு, “ரைட், போலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போவார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஆயுசெல்லாம் சொன்ன வார்த்தை. இப்போது காலையில் அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

பௌர்ணமியன்று எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வெறுங்கால் கூட்டம் வர ஆரம்பித்தால் விடிகிறவரைக்கும் ஓயாது. சென்னை, பெங்களூரு, ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அத்தனை பேர் கையிலும் போன் இருக்கும், ஆனால் ஒரு போனிலும் டவர் இருக்காது. ஜனம் ஜாஸ்தியானால் சிக்னல் கம்மியாகிவிடும். கூட வந்தவரைத் தவறவிட்டவர்கள் போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். மாமா கேட்டருகே ஸ்டூல் போட்டு அண்டாவோடு உட்கார்ந்திருப்பார். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர். நான் பின்னறையில் வேலை முடித்து, நேரே சமையற்கட்டுக்குப் போய் அடுத்த அண்டாவுக்குத் தயிர் கடைவேன். கேட்டுப் பக்கம் போக எனக்கு ஒழியாது.

ஒருநாள் சிஸ்டம் சார் போன் செய்தார். “மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல மாசா மாசம் கல்யாணம் எதுனா நடக்குதா?” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மத்த நாள்ல உங்க வைஃபைல நாலே சாமான்தான். உங்க மிஷின், ரெண்டு போன், ஒரு டிவி. மாசத்துல ஒரு நாள் மட்டும் கூட்டம் கூட்டமா போனுங்க உள்ள வந்து போவுது. அதுல ஒண்ணு ரெண்டு உங்க மிஷின் கதவத் தட்டித் தட்டிப் பாக்குது. இதுவரைக்கும் தொறக்கல. தொறந்துச்சுன்னா அது உங்களோட நிக்காது மேடம், நீங்க வர்ற பாதையிலயே வந்து இங்க ஆஃபீஸ்ல உக்காந்துக்கும்.” பக்கத்து லாட்ஜ்காரர்கள் யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அன்றைக்கே புதிதாக மாற்றினேன். மாமா போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன். “எனக்கும் ஒருவாட்டி சொல்லிடும்மா, மறந்துடப் போறேன்” என்று கேட்டு, நல்ல பிள்ளையாகச் சிகரெட் அட்டை ஒன்றில் எழுதிக்கொண்டார்.

அடுத்த பௌர்ணமி போய் இரண்டு நாள்கூட ஆகவில்லை, மறுபடி போன். “பாஸ்வேர்ட் மாத்துனீங்களா மேடம்?” “மாத்திட்டேன் சார்.” “மாத்தியும் கல்யாணம் நடந்திருக்கு.” மேனேஜர் வரைக்கும் விஷயம் போய்விட்டதாம். மருத்துவமனைக்காரர்கள் தணிக்கைக்கு வரப்போகிறார்கள், அதற்குள் காரணம் தெரியாவிட்டால் என் அனுமதி ரத்து. அடுத்த பௌர்ணமிக்கு அவரே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மாமாவிடம் யாரோ ஆஃபீஸிலிருந்து மிஷின் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். வேலை போகும் நிலைமை என்று சொல்லி, நெஞ்சுவலிக்காரரை ஏன் கலவரப்படுத்துவது என்று விட்டுவிட்டேன். அந்த மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் நாலு மணி இருக்கும். வேலையாக இருந்தேன். ஆஃபீஸில் எங்களுக்குள் பேசிக்கொள்கிற கட்டம் திரையில் திறந்தது. சிஸ்டம் சார் எழுதியிருந்தார்: ‘மேடம், உங்க வைஃபைல இருந்துதான் பேசறேன். மோர் நல்லா இருக்கு. வெளிய வாங்க.’ திரையைப் பூட்டிவிட்டு ஓடினேன். ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தியதால் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப், கையில் இரண்டாவது தம்ளர் மோர். மாமா அவரை வழிப்போக்கர் என்று நினைத்து உபசரித்துக்கொண்டிருந்தார். “நல்லாப் போடுங்க சார், கூச்சப்படாதீங்க. டவர் கெடைக்காது, அதான் நம்ம வைஃபைய விட்டிருக்கேன்.” சிஸ்டம் சார் பலகையைக் காட்டினார். அன்றுதான் நான் அதன் முகத்தைப் பார்த்தேன். மோர், தண்ணீருக்குக் கீழே ‘வைஃபை இலவசம்’ என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே, நான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து வைத்த புதுப் பாஸ்வேர்ட், பெரிய எழுத்து சின்ன எழுத்துகூடப் பிசகாமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “இன்னா மாமா இது, யாரையும் கிட்ட விடாம காவல் காத்துட்டு, இப்படி நடுத்தெருவுல எழுதி வச்சிருக்கீங்களே” என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. “மிஷினத்தானம்மா யாரும் தொடக் கூடாது. இது காத்துல வர்றதுதான?” என்றார். அவர் கணக்கில் வைஃபை என்பது தண்ணீர் மாதிரி, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாத பொருள். சிஸ்டம் சார் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “யாருக்கு என்ன வியாதின்னு மேடம் மிஷின்ல இருக்கு சார். அந்த வியாதிக்காரங்களுக்கு உங்க ஊரே தெரியாது. நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க.” மாமா விடவில்லை. “நான் வாசல்ல மோர்தான சார் குடுக்கறேன். சமையக்கட்டையா தொறந்து விட்டேன்?” “தொறந்துதான் விட்டிருக்கீங்க சார்” என்றார் அவர், அதே தணிந்த குரலில். “அதுல ஒருத்தன் தப்பு பண்ணா மேடம் வேல போவும், போலீஸ் உங்க வாசலுக்குத்தான் வரும்.” “வரட்டும், மோர் குடிச்சிட்டுப் போவாங்க” என்றார் மாமா. ஆனால் குரலில் வலுவில்லை. என் வேலை போகும் அளவுக்கு விஷயம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

சிஸ்டம் சார் பையிலிருந்து ஆஃபீஸ் சிம் போட்ட சின்னக் கருவி ஒன்றை எடுத்தார். இனி வைஃபை வேண்டாம், என் மிஷின் இது வழியாகவே போகட்டும் என்பது அவர் யோசனை. சொருகிப் பார்த்தார். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அது எங்கே பிடிக்கும்? உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அதற்குள் மாமா எழுந்து ஈரத்துணியை எடுத்துவந்து, பலகையில் அந்த இரண்டு வரிகளையும் துடைத்துவிட்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, “உன் வேல போவக் கூடாதும்மா. நீ இல்லன்னா எனக்கு யாரு இருக்கா” என்றார். கோபமெல்லாம் எனக்கு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அத்தை இல்லாத இரண்டு வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆந்திராக்கார அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். போன மாதமும் வந்திருப்பார் போலிருக்கிறது. “வைஃபை உந்தா?” என்று மூச்சிரைக்கக் கேட்டார். பஸ்ஸில் கற்ற அரைகுறைத் தெலுங்கு மாமாவுக்கு உண்டு. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு “லேதும்மா” என்றார். அந்தக் கேட்டில் நின்று அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். புருஷனைத் தவறவிட்டுவிட்டாராம். அவருக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரையெல்லாம் இவர் பையில். சிஸ்டம் சார் தன் போனைப் பார்த்தார். அது இன்னும் எங்கள் வைஃபையில்தான் இருந்தது. எழுந்துபோய் நம்பரைக் கேட்டு, வைஃபை வழியாகவே கூப்பிட்டு, அந்த அம்மாள் கையில் போனைக் கொடுத்தார். புருஷன் நல்லவேளையாக பஸ் ஸ்டாண்ட் பக்கம், டவர் கிடைக்கிற இடத்தில், ஒரு கடையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அழுதுகொண்டே அவரைத் திட்டிய திட்டு இருக்கிறதே, பாஷை தெரியாத எனக்கே மனது குளிர்ந்துவிட்டது.

அந்த அம்மாள் போனபிறகு சிஸ்டம் சார் நாற்காலிக்குத் திரும்பினார். மூன்றாவது தம்ளர் மோரை வாங்கிக் குடித்தார். அப்புறம், “சார், இத நான் மறைக்க முடியாது. நடந்தத நடந்தபடி எழுதித்தான் ஆவணும். மேடம் மிஷின இப்பவே நிறுத்தறேன்” என்றார். மாமா தலையாட்டினார். “ஆனா வீட்டுக்கு ரெண்டாவதா ஒரு லைன் இழுத்துட்டா, ஒண்ணு மேடத்துக்கு மட்டும், இன்னொண்ணு உங்க வாசலுக்கு. ரெண்டுக்கும் ஒட்டும் கெடையாது உறவும் கெடையாது. அப்டின்னா ஆஃபீஸ்ல நான் பேசிப் பாக்கறேன்.” மாமா ஒரே வார்த்தையில், வாசல் லைனுக்குத் தன் பென்ஷனில் கட்டுவதாகச் சொல்லிவிட்டார். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு கனெக்‌ஷன் என்று கேபிள்காரர் சிரித்துக்கொண்டே வந்து இழுத்துக் கொடுத்தார். அதுவரை நான் வேலையில்லாமல் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தேன். மாமா காலையில் என் அறை வாசலில் வந்து நிற்பார், மூடிக் கிடக்கிற லேப்டாப்பைப் பார்த்துவிட்டுப் போவார்.

புது மோடம் வந்த அன்று சிஸ்டம் சார் சென்னையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். என் மிஷினின் லைனுக்கு அவரே பாஸ்வேர்ட் வைத்தார், என்னைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். மாமா தாமாகவே எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அது முடிந்து வாசல் லைனுக்கு வந்தோம். மாமாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். “சார், இதுக்கு ஒரு பேரு வைக்கணும். ரோட்ல போறவங்க போன்ல அந்தப் பேருதான் தெரியும். உங்க பேரையே வச்சிடலாமா?” என்றார் சிஸ்டம் சார். “என் பேரு வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். லைனில் சிஸ்டம் சார் காத்திருந்தார். அப்புறம் மாமா ஒரு பெயரைச் சொன்னார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கணவருக்கு அம்மா, எனக்கு அத்தை, ஊருக்குக் கண்டக்டர் வீட்டம்மா. மாமாவோ, அந்த மனுஷியோடு வாழ்ந்த காலமெல்லாம் “இந்தா” என்றுதான் கூப்பிட்டார். சுடுகாட்டுக்கு எடுத்துப் போகிற நேரத்தில்கூட, “இந்தா, என்ன உட்டுட்டுப் போறியே” என்றுதான் அழுதார். “இன்னொருவாட்டி சொல்லுங்க சார், சரியாக் கேக்கல” என்றார் போனில் சிஸ்டம் சார். மாமா இன்னொருமுறை சொன்னார். இந்தத் தடவை சத்தமாக, ஓர் எழுத்தும் தேயாமல். எனக்குக் கண் மறைத்துவிட்டது. தட்டும்போது இரண்டு இடத்தில் தப்பு விட்டேன்.

ஆஃபீஸ் ஒத்துக்கொண்டது. தணிக்கை வந்தது, போனது, அனுமதி தப்பியது. அதற்குப் பிறகு மாமா நான்கு வருடம் இருந்தார். ஒரு பௌர்ணமிகூட விடவில்லை. யாராவது போனை நீட்டி, “தாத்தா, இதுல எது உங்களுது?” என்று கேட்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பட்டியலில் தேடி, விரலால் தொட்டுக் காட்டுவார். வாயால் சொல்ல மாட்டார். சிஸ்டம் சார் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். மாமா போனபிறகு அந்த லைனை எடுத்துவிடலாமா என்று கணவர் லீவில் வந்தபோது கேட்டார். எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன், கிளம்புமுன் அதற்கு அவரே பணம் கட்டிவிட்டுப் போனார். போன பௌர்ணமியன்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பெங்களூருப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கணவரைக் காணாமல் போனைத் தடவியபடி வந்தவள், அத்தையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். “அக்கா, இந்தப் பேர்ல வர்றது நீங்களா?” என்று கேட்டாள்.

“எங்க அத்தம்மா” என்றேன். “போட்டுக்கோ, பேசு.”